ஆவியில் உரித்த படம்

உலை கொதிக்கத் தொடங்கியதும் அக்கா மூடியை ஓரமாகத் தள்ளுவாள். அந்த இடைவெளியில் எழும் ஆவியில், திரும்பி வந்த விண்ணப்பத்தின் மூலையைக் காட்டிக்கொண்டு நிற்பாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று, இரண்டு என்று எண்ணுவேன். அறுபதுக்கும் எழுபதுக்கும் நடுவில் அதில் ஒட்டிய படம் நெகிழும். ஓரத்தில் நகத்தை நுழைத்து மெல்ல இழுத்தால் முழுசாக வந்துவிடும். முப்பதிலேயே இழுத்தால் பாதி முகம் தாளோடு தங்கிவிடும். எனக்கு முப்பதுக்கு மேல் பொறுமை கிடையாது. அதனால் உரிக்கும் வேலை அவளுக்கு, எண்ணும் வேலை எனக்கு.

உரித்தவை எங்கள் படங்கள்தான். நாங்கள் இரண்டு பேரும் திருப்பதியில் பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தோம். அக்கா எனக்கு மூன்று வயது மூத்தவள். ஆந்திராவில், நாராயணவனத்துக்கும் புத்தூருக்கும் நடுவில் எங்கள் ஊர். வீட்டில் தமிழ், பள்ளியிலும் ஆபீசிலும் தெலுங்கு, விண்ணப்பத்தில் மட்டும் இங்கிலீஷ். அப்பாவை நாங்கள் நைனா என்போம், அவருக்கு ஓர் ஏக்கர் நிலம் இருந்தது. அது போதாத நாட்களில் மாந்தோப்புகளில் கூலிக்குப் போவார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. ரேணிகுண்டா ரோட்டில் அந்த மாந்தோப்புகளுக்கு நடுவே கம்பெனிப் பலகைகள் ஒவ்வொன்றாக எழுந்துகொண்டிருந்தன. பஸ்ஸில் போகும்போது அக்கா அவற்றின் பெயர்களை வாய்க்குள் படித்துக்கொண்டே வருவாள். அவளுக்கு ஒரு மேசை வேண்டும், அந்த மேசைக்கு ஓர் இழுப்பறை வேண்டும், அந்த இழுப்பறைக்கு ஒரு சாவி வேண்டும். வேலை என்றால் அவளுக்கு அதுதான்.

போன மாதம் என் மகள் ஃபோனில் ஒரு பட்டியலைக் காட்டினாள். அவளும் இப்போது வேலை தேடுகிறாள். வேலை தேடுகிறவர்கள் சுற்றுச்சூழலுக்குக் கெடுதல் இல்லாமல் எப்படித் தேடுவது என்று யாரோ எழுதியிருந்தார்கள். தாளை வீணாக்காதீர்கள், பஸ்ஸிலோ ரயிலிலோ போங்கள், தண்ணீரை வீட்டிலிருந்தே கொண்டுபோங்கள், நேர்காணலுக்கான உடையை இரவல் வாங்குங்கள். எனக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு காரணமே இல்லாமல் கோபம் வந்தது. "இதெல்லாம் ஒருத்தர் சொல்லித் தரணுமா?" என்று கேட்டேன். "அம்மா, நீ பட்டியலோடகூட சண்டை போடுவே" என்றாள் மகள். அவள் சொன்னது சரிதான். அந்தப் பட்டியலில் இருந்த அத்தனையும் நானும் அக்காவும் செய்தோம். படத்தை ஆவியில் உரித்து மறுபடி ஒட்டுவது மட்டும் அதில் இல்லை. இருந்திருந்தால் அதன் பக்கத்தில் ஓர் எச்சரிக்கை எழுதச் சொல்லியிருப்பேன்.

ஒருபக்கம் வெள்ளையாக இருக்கும் எந்தத் தாளும் எங்கள் வீட்டில் அடுப்புக்குப் போகாது. தினசரிக் காலண்டரில் கிழித்த தாள்களை ஓர் ஆணியில் குத்தி வைத்திருப்போம். புத்தூர் நூலகத்தில் பேப்பர் பார்த்து, வேலை விளம்பரங்களை அவற்றின் பின்பக்கத்தில் எழுதி வருவோம். முன்பக்கம் ராகுகாலம், பின்பக்கம் கம்பெனி முகவரி. கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் உறையின் அளவைப் பார்ப்போம். ஒட்டிய இடங்களில் தண்ணீர் தொட்டுப் பிரித்து, உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்து, சோற்றுப் பருக்கையால் ஒட்டினால் புது உறை தயார். சிலவற்றில் மஞ்சள் கறை வெளியே வந்துவிடும். அவை அரசாங்க ஆபீசுகளுக்கு. அங்கே யாரும் உறையைப் பார்ப்பதில்லை என்பது அக்காவின் கணிப்பு. டைப்பிங் இன்ஸ்டிட்யூட்டில் மூன்று கார்பன் வைத்து அடித்தால் கடைசிப் பிரதி புகையாக விழும். அதுவும் அரசாங்கத்துக்குத்தான் போகும்.

படிப்பதற்கான கைடுகள் திருப்பதியில் ஹாஸ்டல் பிள்ளைகள் ஊருக்குப் போகும்போது விட்டுப்போனவை. அவற்றில் பேனா படக் கூடாது. பென்சிலால் மெல்லிசாகக் கோடு போட்டு, முடித்ததும் அழித்துவிட்டு அடுத்தவர்களுக்குக் கொடுத்துவிட வேண்டும். எங்களுக்கு முன்னால் படித்தவர்களும் அப்படித்தான் செய்திருந்தார்கள். ஜன்னல் வெளிச்சத்தில் பக்கத்தைச் சாய்த்துப் பிடித்தால் அழித்த கோடுகளின் தடம் தெரியும். யாரோ ஒருத்தி எதையெல்லாம் முக்கியம் என்று நினைத்திருக்கிறாள், எந்தக் கணக்கில் மாட்டிக்கொண்டிருக்கிறாள் என்று தெரியும். அவளுக்கு வேலை கிடைத்ததா என்று நானும் அக்காவும் ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருப்போம். கிடைத்துவிட்டது, சித்தூரில் பாங்கில் இருக்கிறாள் என்று அக்கா முடிவு செய்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தக் கைடைத் தொடும்போதெல்லாம் சித்தூர் பாங்கில் உட்கார்ந்திருக்கும் ஒருத்தியின் நினைவு வரும்.

திருப்பதிக்குக் காலை பாசஞ்சர் ரயிலில் போவோம். மார்கழியில் ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமே தெரியாது. வெள்ளையாக ஒரு பரப்பு, அதில் எப்போதாவது ஒரு பனைமரம். ரயில் ஓடுகிறதா, பனி ஓடுகிறதா என்று சொல்ல முடியாது. ரேணிகுண்டா தாண்டும்போது ஏழு மலையும் அடி இல்லாமல் மேலே மட்டும் தெரியும். அந்த நேரத்தில் யாரும் பேச மாட்டார்கள். முறுக்கு விற்கிறவர்கூட வாயை மூடிக்கொண்டு நடப்பார். எனக்கு வேலை தேடுவது பிடிக்காது, ஆனால் அந்த ரயில் பிடிக்கும். அப்படி ஒரு காலையில்தான் யாரோ பயணி தண்ணீர் பாட்டில் ஒன்றை சீட்டுக்கடியில் விட்டுப்போயிருந்தார். தண்ணீரைப் பாட்டிலில் அடைத்து விற்கிறார்கள் என்று கேள்விப்பட்டிருந்தோம், பார்த்ததில்லை. அக்கா அதை எடுத்து வந்து, சாம்பல் போட்டுக் கழுவி, இரண்டு வருஷம் வைத்திருந்தாள். "துன்றதுக்கு இல்லாதவங்க கூட தண்ணிய விக்க மாட்டாங்க. இவங்களுக்கு இன்னா வந்துச்சு?" என்று நைனா அந்தப் பாட்டிலைப் பார்க்கும்போதெல்லாம் கேட்பார்.

நேர்காணல் புடவை ஒன்றே ஒன்றுதான். சாம்பல் நிறத்தில் நீலக் கரை. செம்பில் நெருப்பைப் போட்டுத் தேய்த்து, யாருக்கு அழைப்பு வருகிறதோ அவள் கட்டிக்கொண்டு போக வேண்டும். படம் எடுக்கப் புத்தூர் ஸ்டுடியோவுக்குப் போனபோது அந்தப் புடவையைத்தான் முதலில் அக்கா கட்டியிருந்தாள். அவளுக்கு எடுத்து முடித்ததும் திரைக்குப் பின்னால் போய் அவள் அவிழ்க்க, நான் கட்டிக்கொண்டு வந்து அதே ஸ்டூலில் உட்கார்ந்தேன். ஸ்டுடியோக்காரர் எங்கள் இரண்டு பேரின் முகவாயையும் ஒரே பக்கம் திருப்பினார். வந்த படங்களைப் பார்த்த அம்மாவே கொஞ்சம் தடுமாறினாள். வித்தியாசம் மூக்குத்தி மட்டும்தான். அக்காவுக்கு இடது பக்கம் குத்தி, ஒரு மாசம் சீழ் வைத்து அவஸ்தைப்பட்டாள். அந்த பயத்தில் எனக்கு வலது பக்கம் குத்தினார்கள்.

படங்களின் பின்னால் பென்சிலால் பெயர் எழுதி, ஒரு பவுடர் டப்பாவில் போட்டு வைத்தோம். மற்றவர்கள் கோந்து போட்டு ஒட்டும்போது நாங்கள் மட்டும் சோற்றால் ஒட்டுவோம். திரும்பி வரும்போது சுலபமாக உரிய வேண்டுமே. சுயமுகவரி எழுதிய உறையைக் கூடவே வைத்து அனுப்புவோம் என்பதால் நிறைய இடங்களிலிருந்து விண்ணப்பம் வீடு வந்து சேர்ந்துவிடும். ஒரு படம் நான்கு, ஐந்து கம்பெனிகளைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறது. ஒவ்வொரு தரமும் ஆவி பட்டுப்பட்டு முகம் வெளுத்துக்கொண்டே போனது. பின்னால் எழுதிய பெயரும் தாளோடு போய்விட்டது. அதைப் பற்றி நாங்கள் கவலைப்படவில்லை. பார்த்தால் தெரியாதா என்று இருந்துவிட்டோம்.

இரண்டு வருஷம் இப்படிப் போனது. நாராயணவனம் கோயிலில் எல்லாப் பெண்களும் மாப்பிள்ளை கேட்டு வேண்டிக்கொள்ள, அக்கா வேலை கேட்டு வேண்டிக்கொண்டு வந்தாள். "கல்யாணம் பண்ணி வெக்கிற சாமிகிட்ட போய் இத்தக் கேட்டா, அவருக்கு இன்னா தெரியும்?" என்று அம்மா சிரித்தாள். நைனா சிரிக்கவில்லை. எதிர்வீட்டு அக்கா ஒருத்தி பெங்களூரில் துணி தைக்கும் ஃபாக்டரியில் இருந்தாள். பொங்கலுக்கு வந்துவிட்டுத் திரும்பும்போது ஊர்ப் பெண்களை நாலைந்து பேராகக் கூட்டிக்கொண்டு போவாள். "பொங்கல் வரைக்கும் பாருங்க. அதுக்குள்ள ஆவலன்னா பெரியவ பெங்களூர் போவட்டும். சின்னவ இன்னொரு வருசம் பாக்கட்டும்" என்று நைனா சொல்லிவிட்டார். அவர் மேல் தப்பில்லை. தை பிறந்தால் அக்காவுக்கு இருபத்தாறு முடிகிறது. வெளியிலிருந்து வரும் கம்பெனிகளில் அதற்கு மேல் எடுப்பதில்லை. அன்று மாலை அக்கா டைப்பிங் கிளாசுக்குப் போய் வழக்கத்தைவிட வேகமாக அடித்துவிட்டு வந்தாள்.

கார்த்திகையில் அந்த விளம்பரம் வந்தது. அக்காதான் நூலகத்தில் பார்த்து எழுதிக்கொண்டு வந்தாள். ரேணிகுண்டா பக்கம் புதிதாக வந்த ஒரு கம்பெனிக்கு ஸ்டோர்ஸ் அசிஸ்டெண்ட் வேண்டும், பெண்கள் விண்ணப்பிக்கலாம், ஓர் இடம். வீட்டிலிருந்தே போய் வரக்கூடிய தூரம். அக்காவின் வயதுக்கு அதுதான் கடைசி. விளம்பரத்தில் இருந்த படிவத்தை அப்படியே வெள்ளைத்தாளில் அடித்து, கீழ்ப்பாதியில் படம் ஒட்டி அனுப்பினால், அந்தக் கீழ்ப்பாதியை வெட்டி முத்திரை வைத்து நேர்காணல் சீட்டாகத் திருப்பி அனுப்புவார்களாம். இரண்டு படிவமும் அவளே உட்கார்ந்து அடித்தாள். முதல் பிரதியை எனக்குக் கொடுத்துவிட்டு, கார்பன் பிரதியைத் தனக்கு வைத்துக்கொண்டாள்.

மறுநாள் வேர்க்கடலை பிடுங்க எல்லாரும் நிலத்துக்குப் போக வேண்டியிருந்தது. எனக்குக் காலில் முள் குத்தியிருந்ததால் வீட்டில் விட்டார்கள். போகும்போது அக்கா, "ரெண்டையும் ஒட்டி, பத்து மணிக்கு முன்னாடி பெட்டில போட்டுடு. கடைசி நாளு கிட்ட வந்துக்கினு இருக்குது" என்றாள். நான் டப்பாவைத் திறந்தேன். உள்ளே ஒரே ஒரு படம்தான் இருந்தது. மற்றவை எல்லாம் எங்கெங்கோ கம்பெனிகளில் இருந்து திரும்பாமல் இருந்தன. அதை எடுத்துப் பார்த்தேன். பல தரம் ஆவி பார்த்த படம். முகம் இருக்கிறது, ஆனால் பனிக்குள் இருக்கிறது. நான்தான் என்று எனக்குத் தோன்றியது. என் படிவத்தில் ஒட்டினேன். அக்காவின் படம் இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். பத்து மணிக்குப் பெட்டியைத் திறந்துவிடுவார்கள் என்பதால் என்னுடையதை மட்டும் நொண்டிக்கொண்டே போய்ப் போட்டுவிட்டு வந்தேன்.

மூக்குத்தி எந்தப் பக்கம் இருந்தது என்று அப்போது பார்த்தேனா, பார்க்கவில்லையா? இத்தனை வருஷத்தில் இதை எத்தனையோ தரம் யோசித்துவிட்டேன். சில நாள் பார்க்கவே இல்லை என்று தோன்றும். சில நாள் ஒரு புள்ளி இடது பக்கம் மினுங்கியது போலவும், நான் படத்தைச் சட்டென்று தாளில் வைத்து அழுத்தியது போலவும் தோன்றும்.

மத்தியானம் மண்ணோடு வந்த அக்கா டப்பாவைப் பார்த்துவிட்டு, "என்னுது ஒண்ணு இருந்துச்சே" என்றாள்.

"இருந்தது என்னுது."

"இல்லடி. உன்னுது நெல்லூர் கம்பெனிக்குப் போயி வரவே இல்ல. இருந்தது என்னுதுதான்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "என் மூஞ்சி எனக்குத் தெரியாதா?" என்று கத்தினேன். அவள் பாயைத் தூக்கிப் பார்த்தாள், கைடுகளை உதறினாள், அரிசிப்பானைக்குப் பின்னால் பார்த்தாள். அன்று மாலையே புத்தூருக்குப் போனாள். ஸ்டுடியோவில் நான்கு நாள் ஆகும் என்றார்கள். நான்கு நாள் கழித்துப் படம் வந்தபோது கடைசி நாள் தாண்டிவிட்டது. இருந்தாலும் ஒட்டி அனுப்பினாள். பதில் வரவில்லை.

எனக்கு வந்தது. மார்கழியில் ஒரு காலை, தபால்காரர் கொடுத்த உறையைப் பிரித்தோம். என் படிவத்தின் கீழ்ப்பாதி, அதன் மூலையில் படம், படத்தின் ஓரத்தில் ஏறி நின்ற ஊதா முத்திரை. வெயில் அப்போதுதான் வாசலுக்கு வந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் அக்கா சீட்டைச் சாய்த்துப் பிடித்தாள். கைடுகளில் அழித்த கோட்டைப் பார்ப்பது போலத்தான் பார்த்தாள். அவள் விரல் இடது பக்க மூக்குத்தியின் மேல் போய் நின்றது. நானும் பார்த்தேன். அதற்குப் பிறகு வேறு யாருடைய முகமாகவும் அது தெரியவில்லை.

"நீ போக்கா" என்றேன். "மூஞ்சி உன்னுதுதானே."

"பேரு உன்னுது. சர்ட்டிபிகேட்டு உன்னுது. உன் பேருல போய் நான் உக்காந்துக்கினு, கூப்புடும்போது திரும்பிப் பாக்க மறந்துட்டா?" அவள் சிரிக்கப் பார்த்தாள், வரவில்லை. "நீயே போ. யாரும் மூக்கப் பாக்க மாட்டாங்க."

எனக்கு அந்தக் கணம் மனசுக்குள் ஏற்பட்டது நிம்மதி. வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். அவள் சரி என்று சொல்லிவிடுவாளோ என்றுதான் பயந்துகொண்டிருந்தேன்.

நேர்காணல் அன்று விடியலிலேயே அவள் செம்பில் நெருப்பைப் போட்டுப் புடவையைத் தேய்த்தாள். மடிப்பை அவள்தான் பிடித்துவிட்டாள். பாட்டிலில் தண்ணீர் நிரப்பி, தயிர்சோற்றைத் தையல் இலையில் கட்டிக் கொடுத்தாள். திருப்பதி ஸ்டேஷனிலிருந்து அலிபிரி ரோட்டில் அவர்கள் வாடகைக்கு எடுத்திருந்த மண்டபம் வரை நடந்தேன். புடவைக்கு வேர்வை படக் கூடாது என்று மெதுவாக நடந்தேன். பனி முழுசாக விலகவில்லை. ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் தூரத்தில் பாதியாகவும் பக்கத்தில் வந்ததும் முழுசாகவும் ஆனார்கள். எனக்கு நானே போகிறேனா, அக்கா போகிறாளா என்று ஒரு மயக்கம் இருந்தது. புடவையில் அவள் வாசனை இருந்தது. கையில் இருந்த சீட்டில் அவள் முகம் இருந்தது.

கேட்டில் இருந்தவர் சீட்டையும் என்னையும் ஒரு தரம் பார்த்து உள்ளே விட்டுவிட்டார். உள்ளே கண்ணாடி போட்ட ஒரு பெரியவர் மட்டும் சீட்டை விளக்கடியில் பிடித்துக்கொண்டு, "ஈ ஃபோட்டோ நீதேனா அம்மா?" என்று கேட்டார். படம் என்னுடையதுதானா என்கிறார்.

"நாதே சார்" என்றேன்.

"மூக்குத்தி அந்தப் பக்கம் இருக்கிறதே."

ஸ்டுடியோவில் நெகட்டிவைத் திருப்பிப் போட்டுவிட்டார்கள் என்று தெலுங்கில் சொன்னேன். எப்படி வந்தது அந்தப் பொய் என்று எனக்குத் தெரியாது. யோசித்து வைத்துக்கொண்டு போகவில்லை. தன் கல்யாணப் படத்திலும் அப்படித்தான் செய்துவிட்டார்கள், பொண்டாட்டிக்குப் பொட்டு தவிர எல்லாமே இடம் மாறிவிட்டது என்று சொல்லிச் சிரித்துவிட்டு அவர் அடுத்த கேள்விக்குப் போனார். ஸ்டோரில் சாமான் வந்து இறங்கியபிறகு மிஞ்சும் காலி அட்டைப்பெட்டிகள், சுற்றிவந்த தாள், சணல் எல்லாவற்றையும் என்ன செய்வாய் என்று கேட்டார். மற்றவர்கள் விற்றுவிடலாம் என்று சொல்லியிருப்பார்கள் போலிருக்கிறது. நான் பெட்டியை ஒட்டின இடத்தில் ஈரம் தொட்டுப் பிரித்து உள்ளே வெளியே திருப்பி மறுபடி ஒட்டலாம் என்றேன். ஒருபக்கம் வெள்ளையான தாளை ஆணியில் குத்தி ரஃப் கணக்குக்கு வைக்கலாம் என்றேன். சணலை அளவு பார்த்து முடிந்து சுற்றி வைக்கலாம் என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். அவ்வளவும் அக்காவின் வேலை, அக்காவின் வார்த்தை. எண்ணினதைத் தவிர நான் வீட்டில் எதுவும் செய்ததில்லை.

மத்தியானமே சொல்லிவிட்டார்கள். நேர்காணல் சீட்டைத் தாங்களே வைத்துக்கொண்டு, பொங்கல் கழித்து வரச் சொன்னார்கள். எனக்கு நேராக ஸ்டேஷனுக்குப் போகப் பிடிக்கவில்லை. அலிபிரி வரை நடந்து, மலைக்குப் போகும் படிகளுக்குக் கீழே ஓர் ஓரமாக உட்கார்ந்தேன். ஜனங்கள் செருப்பைக் கழற்றிவிட்டு முதல் படியைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு ஏறிக்கொண்டே இருந்தார்கள். மஞ்சளும் குங்குமமும் தடவிக்கொண்டு ஒவ்வொரு படிக்கும் குனிந்து பொட்டு வைத்துக்கொண்டு போன பெண்கள் இருந்தார்கள். மேலே போகப்போக அவர்கள் மரங்களுக்குள் மறைந்தார்கள். கீழே புதுசாக ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தயிர்சோற்றைப் பிரித்தேன். அக்கா ஊறுகாயைத் தனியாக ஒரு பூவரச இலையில் வைத்திருந்தாள். வேலை கிடைத்துவிட்டது என்ற சந்தோஷம் நிஜமாகவே இருந்தது, அதுதான் என்னை அழ வைத்தது. சாப்பிட்டு முடித்து இலையை மாட்டுக்குப் போட்டுவிட்டு எழுந்தேன்.

வீட்டில் எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். அக்காவும் பட்டாள். பொங்கல் முடிந்த மறுநாள் எதிர்வீட்டு அக்காவோடு அவள் பெங்களூர் கிளம்பினாள். சித்தூர் வழியாகப் போகும் பஸ். நைனா அவளுடைய டிரங்குப் பெட்டியைத் தூக்கி மேலே வைத்துவிட்டு, எதையோ மறந்தவர் மாதிரி ரோட்டிலேயே நின்றுகொண்டிருந்தார். அக்கா அந்தத் தண்ணீர்ப் பாட்டிலை மட்டும் கையில் வைத்திருந்தாள். சாம்பல் நிறப் புடவையை எனக்கென்று விட்டுவிட்டாள்.

நான் வேலையில் சேர்ந்தேன். எனக்கு மேசை கொடுத்தார்கள். முதல் வாரமே கழுத்தில் மாட்டிக்கொள்ள ஓர் அட்டையும் கொடுத்தார்கள். கண்ணாடிபோல் பிளாஸ்டிக் மூடி ஒட்டி, நீல நாடா கோத்திருந்தது. என் பெயர், என் நம்பர், அதன் மேல் அக்காவின் முகம். கம்பெனியும் எங்கள் வீட்டு மாதிரிதான் போலிருக்கிறது. புதுப்படம் கேட்காமல், சீட்டில் இருந்ததையே உரித்து ஒட்டிவிட்டார்கள். மூலையில் ஊதா முத்திரையின் மிச்சம்கூட இருந்தது. மாற்றிக் கொடுங்கள் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டால் ஏன் என்று சொல்ல வேண்டும். தினமும் கேட்டில் அந்த முகத்தைக் காட்டிவிட்டு உள்ளே போனேன். ஒருத்தரும் ஒன்றும் கேட்டதில்லை. கை கழுவும் இடத்துக் கண்ணாடியில் சில நேரம் இரண்டு முகமும் ஒன்றாகத் தெரியும், மேலே ஒன்று, மார்புக்கு நேரே ஒன்று. நான் பார்க்காமல் வந்துவிடுவேன். வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸிலேயே அட்டையைக் கழற்றிப் பைக்குள் போட்டுவிடுவேன். அம்மாவும் நைனாவும் அதைப் பார்த்ததே இல்லை.

அக்கா மாசத்துக்கு ஒரு கடிதம் போடுவாள். ஃபாக்டரியில் அன்றன்று தைத்த கணக்குக்குக் கொடுக்கும் துண்டுச் சீட்டுகளின் பின்பக்கத்தில் எழுதுவாள். உறை ஏதோ பழைய உறையைத் திருப்பி ஒட்டியதாக இருக்கும். அவள் எழுதும் பக்கத்தில் எல்லாம் நன்றாக இருக்கும். ஹாஸ்டல் நல்லா இருக்குது, குளிர் ஜாஸ்தி, ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனோம், நைனாவுக்கு முதுகு எப்படி இருக்குது. படித்து முடித்ததும் சீட்டைத் திருப்புவேன். காலர் இத்தனை, கைப்பட்டி இத்தனை, இலக்குக்குக் குறைந்தது இத்தனை என்று அச்சிட்ட கட்டங்கள். குறைந்தது என்ற கட்டத்தில் சிவப்பு மையில் யாரோ வட்டம் போட்டிருப்பார்கள். அந்தப் பக்கத்தைப் பற்றி அவளும் எழுத மாட்டாள், நானும் கேட்க மாட்டேன்.

அடுத்த பொங்கலுக்கு வந்தாள். மெலிந்திருந்தாள். விரல் நுனிகள் தடித்துப்போயிருந்தன. காலையில் தலை வார என் பையில் சீப்பைத் தேடினாள். நான் வாசலில் கோலத்துக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது சீப்பு அவள் மடியில் கிடந்தது. அட்டை கையில் இருந்தது. நீல நாடா அவள் மணிக்கட்டில் தொங்கிக்கொண்டிருந்தது. ஒரு வருஷமாக நான் பயந்துகொண்டிருந்தது அதற்குத்தான். சொம்பை அங்கேயே வைத்துவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"இத்தயா மாட்டிக்கினு போற?"

"ம்."

"தெனமுமா?"

"தெனமும்."

அவள் படத்தையே பார்த்துக்கொண்டு கேட்டாள். "அன்னிக்கி ஒட்டும்போது உனக்குத் தெரியாதாடி?"

தெரியாது என்றுதான் சொல்ல நினைத்தேன். அந்தப் பதிலை ஒரு வருஷமாகத் தயாராக வைத்திருந்தேன். "தெரிஞ்சிருக்கும்னு நெனைக்கறேன்க்கா" என்றேன். "அவசரத்துல ஒட்டிட்டேன். தெரிஞ்சிருக்கும்."

தெருவில் கோலமாவு விற்றுக்கொண்டு போனவளின் குரல் வந்து, தேய்ந்து, நின்றுபோனது. எனக்குக் கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கத் தோன்றவில்லை. அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். புடவை முனையால் அட்டையின் மேல் படிந்திருந்த தூசியைத் துடைத்தாள். மூக்குத்தி இருந்த இடத்தை இன்னொரு தரம் துடைத்தாள்.

"அப்போ நானும் தெனம் வேலைக்குப் போய்க்கினுதான் இருந்திருக்கேன்" என்றாள்.

பிறகு நாடாவை விரித்து, என் தலை வழியாகப் போட்டு, படம் வெளிப்பக்கம் தெரியும்படி அட்டையைத் திருப்பிவிட்டாள்.

"லீவு முடிஞ்சதும் என்னயும் கூட்டிக்கினு போ."